ஆயிரம் மடங்கு கேட்கும் மைக்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் இன்று முதலில் கேள்விப்படும் பெயர் ஷூர் எஸ்எம்7பி. யூடியூபில் பேசுகிறவர்களின் முகத்துக்கு முன்னால் கறுப்பாக, தடியாக, தலையில் ஃபோம் மாட்டிக்கொண்டு தொங்குமே, அதுதான். அமெரிக்காவில் பல காலம் 399 டாலருக்கு விற்றது. சேமித்து வைத்த பணத்தில் அதை வாங்கி, கம்ப்யூட்டரோடு இணைக்கும் கைக்கு அடக்கமான ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தால், குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல மெலிந்து கேட்கும். மைக் பழுதோ என்று மனம் பதறும். கடைக்காரரைக் கேட்டால், “இதுக்குத் தனியா ஒரு ப்ரீஆம்ப் வாங்கணும் சார்” என்பார். மைக்கின் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் கருவி அது. அடுத்த செலவு அங்கே ஆரம்பிக்கும்.

மைக்கில் பழுது ஏதும் இல்லை. அது பிறந்து வளர்ந்த வீடு வேறு, இப்போது வந்து சேர்ந்திருக்கும் வீடு வேறு. எந்த மைக், எந்த ப்ரீஆம்ப் என்று குழம்பி என்னிடம் கேட்கிறவர்களுக்கு விலைப்பட்டியலைவிட இந்த மைக் கடந்துவந்த வழிதான் அதிகம் உதவுகிறது.

அதன் உயிர்நாடி 1959-லேயே உருவாகிவிட்டது. சிகாகோவில் 1925-இல் ரேடியோ உதிரிபாகம் விற்கத் தொடங்கிய ஷூர் நிறுவனம் அப்போது பக்கத்து ஊரான எவன்ஸ்டனுக்கு இடம் மாறியிருந்தது. அங்கே எர்னி சீலர் என்ற பொறியாளர் யூனிடைன் 3 என்னும் ஒலிக்கூட்டை, அதாவது மைக்கின் உள்ளே ஒலியை மின்சாரமாக்கும் பகுதியை, வடிவமைத்தார். அதற்கு முந்தைய மைக்குகள் பலவற்றில் பக்கவாட்டை நோக்கிப் பாட வேண்டியிருந்தது. இது நுனியை நோக்கிப் பாடும்படி அமைந்தது. முன்னால் வருவதை வாங்கிக்கொண்டு பின்னால் வருவதைத் தள்ளியது. சீலர் அதைக் கீழே போட்டுப் பார்த்தார், நீரில் முக்கினார், உப்பு ஈரத்தில் வைத்தார், அடுப்புச் சூட்டில் வாட்டினார். அவர் மேற்கத்திய செவ்வியல் இசையின் ரசிகர். ராக் இசை அவருக்கு ஆகாது. ஆனால் அவருடைய ஒலிக்கூடுதான் 1965-இல் எஸ்எம்57 ஆகவும், 1966-இல் எஸ்எம்58 ஆகவும் உருவெடுத்து உலகத்தின் ராக் மேடைகளையெல்லாம் பிடித்தது. நம்மூர்க் கச்சேரி மேடையிலும் கல்யாண மண்டபத்து மெல்லிசையிலும் பாடகர் கையில் இருக்கும் உருண்டைத் தலை மைக் பெரும்பாலும் அந்த 58-தான், அல்லது அதன் சாயலில் செய்த ஒன்று.

மேடை மைக் கையில் பிடிக்கிற அளவில்தான் இருக்க முடியும். ரேடியோ நிலையத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. மைக் ஸ்டாண்டிலேயே தொங்கும். அளவைப் பற்றிக் கவலைப்படாமல் அதே ஒலிக்கூட்டை எவ்வளவு தூரம் மேம்படுத்தலாம் என்று ஷூர் பொறியாளர்கள் பார்த்ததன் விளைவு, 1973-இல் வந்த எஸ்எம்7. ஒலிக்கூட்டுக்குப் பின்னால் காற்றுக்கு நிறைய இடம் விட்டார்கள். அதனால் கீழ் ஸ்தாயி ஆழமாக இறங்கியது. ஸ்டாண்டில் கை பட்டால் வரும் தடதடப்பு உள்ளே போகாமலிருக்கக் காற்று மெத்தைபோல ஓர் அமைப்பைக் கொடுத்தார்கள்.

இந்த மைக்கின் உள்ளே நடப்பது எளிமையானது. மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய செப்புக் கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். பாடினால் சவ்வு அசையும், கூடவே சுருள் காந்தப் புலத்துக்குள் அசையும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். பேட்டரி வேண்டாம், வெளி மின்சாரம் வேண்டாம். ஆனால் கம்பிச் சுருள் எதுவானாலும் சுற்றியுள்ள மின்காந்த இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். அதற்காக இதற்குள் இரண்டாவதாக ஒரு சுருள் உண்டு. அது குரலைப் பிடிக்காது. இரைச்சலை மட்டும் எதிர்த்திசையில் பிடித்து முதல் சுருளில் வந்த இரைச்சலோடு கழித்துவிடும். 1999-இல் வந்த எஸ்எம்7ஏ-யில் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். வானொலி நிலைய மேசைகளில் கம்ப்யூட்டர் மானிட்டர்கள் வந்து உட்கார்ந்த காலம் அது. 2001-இல் பெரிய ஃபோம் ஒன்றும் சேர்ந்து எஸ்எம்7பி ஆனது. இன்று வீட்டு மேசையில் லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் நடுவே அது சலசலக்காமல் இருப்பதற்கு அந்த வானொலிக்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முதுகில் இரண்டு சின்ன சுவிட்சுகள் இருக்கின்றன. விரலால் தள்ள வராது. மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஒன்று அடிக்குரலைக் குறைக்கும். மற்றது சொற்கள் தெளியும் நடு அலைவரிசைகளைக் கொஞ்சம் தூக்கும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே என்ன நடக்கும் என்பதை ஒரு கோடாகப் பொறித்திருப்பார்கள். பல ஆண்டுகள் இதை வைத்திருப்பவர்கள்கூட அவற்றைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மைக்கை ஒட்டி நின்று பாடும்போது அடிக்குரல் ஊதிப் பெருகும் இயல்பு இந்த வகை மைக்குகளுக்கு உண்டு. ஆண் குரலாக இருந்தால் முதல் சுவிட்சைத் தள்ளிவிட்டாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

வானொலிக்காகப் பிறந்ததைப் பாட்டுக்குக் கொண்டுபோனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் புரூஸ் ஸ்வீடியன். 1982-இல் லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்லேக் ஸ்டுடியோவில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பதிவாகிறது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ், ஒலிப்பதிவாளர் ஸ்வீடியன். அவர் எந்த மைக்கையும் எடுக்கலாம். பல மடங்கு விலையுள்ள, சவ்வில் சுருள் இல்லாத கண்டென்சர் மைக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஜாக்சனின் முதன்மைக் குரலுக்கு அவர் வைத்தது எஸ்எம்7. ஜாக்சன் அசையாமல் நின்று பாடுகிறவர் அல்ல. மரப்பலகை மேடைமேல் நின்று ஆடுவார், விரல் சொடுக்குவார், காலால் தாளம் தட்டுவார். அந்தச் சத்தங்களைக் களைய ஸ்வீடியன் விரும்பவில்லை. அவையும் பாட்டின் பகுதி என்று வைத்துக்கொண்டார். ‘பில்லி ஜீன்’ பாட்டில் சில கூடுதல் வரிகளை நீளமான அட்டைக்குழாய் ஒன்றின் வழியாகப் பாட வைத்தார்கள். கதவை அறைவதுபோல் திடீரென்று பாயும் ஜாக்சனின் குரலை நுட்பமான கண்டென்சர் மைக் சில சமயம் கூர்முனையாக்கிக் காட்டிவிடும்; கனமான சவ்வும் சுருளும் கொண்ட, எஸ்எம்7 போன்ற டைனமிக் மைக் முனையை மழுக்கி வாங்கிக்கொள்ளும். அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடும் மெட்டாலிகா இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு போன்றவர்களும் இந்த மைக்கை நாடியதற்கு அதுவே காரணம்.

‘த்ரில்லர்’ மைக் என்று சொல்லி விற்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அந்த மைக்கின் வயரின் மறுமுனையில் ஓர் அறையை அடைத்து நின்ற ஒலிக்கலவைக் கன்சோல் இருந்தது. எஸ்எம்7பி தரும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். வாய்க்கு அருகே 94 டெசிபெல் அளவுக்குக் குரலெடுத்துப் பாடினால் அது கொடுப்பது 1.12 மில்லிவோல்ட். அதைப் பதிவுக்கு ஏற்றபடி பெருக்கக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. மின்னழுத்தக் கணக்கில் 60 டெசிபெல் என்பது ஆயிரம் மடங்கு. ஸ்டுடியோக்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஒலிப் பொறியாளர் ரூபர்ட் நீவ் 1970-இல் வடிவமைத்து, இன்றுவரை நகலெடுக்கப்படும் 1073 ப்ரீஆம்பில் 80 டெசிபெல் வரை கெயின் கிடைத்தது. அப்படிப்பட்ட கருவிகளோடு வாழ்ந்தவரை எஸ்எம்7 சத்தம் போதவில்லை என்று யாரும் குறைப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு கன்சோல் சுருங்கியது. அதே ரூபர்ட் நீவ் 1985-இல் ஃபோக்கஸ்ரைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோ கன்சோலுக்காக ஐஎஸ்ஏ110 என்ற ப்ரீஆம்பைச் செய்தார். கைமாறிய அதே நிறுவனம்தான் பின்னாளில் ஸ்கார்லெட் என்ற சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தது. யூஎஸ்பி வயர் கொடுக்கும் கொஞ்சம் மின்சாரத்திலேயே மைக் ப்ரீஆம்ப், கன்வெர்ட்டர், ஹெட்ஃபோன் எல்லாம் ஓட வேண்டும். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2-வில் கெயின் 56 டெசிபெல். கண்டென்சர் மைக்குக்கு அது தாராளம். எஸ்எம்7பி இதுபோன்ற பெட்டிகளில் செருகப்பட்டதும்தான் அந்த மைக்குக்குக் கெயின் போதாது என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. பாட்காஸ்ட் செய்கிறவர்கள் மேசைக்கு மேசை அதை மாட்டினார்கள். 2020-இல் ஊரடங்கு வந்து வீடுகளெல்லாம் ஸ்டுடியோ ஆயின. வானொலி மைக் படுக்கையறைக்குக் குடிவந்தது.

இந்தத் தட்டுப்பாட்டுக்குக் கைகொடுத்தது க்ளவுட்லிஃப்டர் என்ற நீலப் பெட்டி. அரிசோனாவின் டூசான் நகரத்து க்ளவுட் மைக்ரோஃபோன்ஸ், இதேபோல மெல்லிய மின்னழுத்தம் தரும் ரிப்பன் மைக்குகளை மனதில் வைத்து அதைச் செய்தது. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் செருகினால் 25 டெசிபெல் வரை தூக்கிக் கொடுக்கும். அதற்குத் தேவையான மின்சாரம் இன்டர்ஃபேஸிலிருந்தே, மைக் வயர் வழியாகவே போகிறது. அந்த மின்சாரம் 48 வோல்ட். அதன் கதை நார்வேயில் தொடங்குகிறது. 1966-இல் மைக் தயாரிக்கும் நியூமன் நிறுவனம் புதிய டிரான்சிஸ்டர் மைக்கை அந்நாட்டு வானொலிக்கு விற்கப் போனது. குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் குறைவான அந்த ஊர் ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இணைப்பு இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். இன்று ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் ‘48வி’ என்று எழுதியிருக்கும் பொத்தான் அந்த விளக்குகளின் வாரிசு.

க்ளவுட்லிஃப்டர் வாங்க வேண்டுமா என்பதில் என் கருத்து பலருடையதிலிருந்து மாறுபடும். பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது வேண்டாம். பேசுகிறவர்களின் அனுபவத்தைப் பாடுகிறவர்கள் அப்படியே தங்களுக்கும் எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. மேசையில் சாய்ந்து மெல்லப் பேசும் குரலுக்கும் பல்லவியை எடுத்துப் பாடும் குரலுக்கும் 15, 20 டெசிபெல் வித்தியாசம் சாதாரணம். மைக்கருகே 94 டெசிபெல் தொடுகிற குரலுக்கு அந்த 56 டெசிபெல் பெட்டியே பதிவு மட்டத்தைத் தேவையான இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். குறைவாகப் பதிந்தாலும் 24 பிட் பதிவில் பிறகு மென்பொருளில் உயர்த்திக்கொள்ளலாம். அதனால் மட்டுமே குரல் கெட்டுவிடாது.

“உயர்த்தினால் இரைச்சலும் சேர்ந்து உயருமே?” என்பார்கள். உயரும். எந்த இரைச்சல் என்பதுதான் கேள்வி. எஸ்எம்7பி போல 150 ஓம் மின்தடை கொண்ட எந்தப் பொருளும் சும்மா கிடக்கும்போதே, அறை வெப்பத்தால் மட்டுமே, சுமார் -131 டெசிபெல் அளவுக்கு ஓர் இரைச்சலை எழுப்பும். அது இயற்கை விதித்த எல்லை. லட்ச ரூபாய் ப்ரீஆம்பாலும் அதைக் கடக்க முடியாது. இன்றைய நல்ல இன்டர்ஃபேஸ்களின் ப்ரீஆம்புகள் -127, -128 அளவில் நிற்கின்றன. விலையேற ஏற நீங்கள் வாங்குவது மிஞ்சியிருக்கும் அந்த மூன்று நான்கு டெசிபெலைத்தான். இதையே காதால் கேட்கும் ஒலியாக மாற்றிக் கணக்குப் போட்டால், அந்த மைக்கும் ப்ரீஆம்பும் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் ஏறத்தாழ 23 டெசிபெல் ஒலிக்குச் சமம். ஃபேன் ஓடும் அறை 40-ஐ எளிதில் தாண்டும். உங்கள் பதிவில் கேட்கும் ‘உஸ்’ சத்தத்தில் பெரும்பங்கு ப்ரீஆம்புடையது இல்லை, தலைக்கு மேலே சுற்றுவதுடையது.

என் வீட்டில் பக்கத்து ஃப்ளாட் பெண் ஒருத்தி பாடிப் பதிவு செய்வாள். பாட்டு வகுப்பில் பழகியபடி மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் நிற்பாள். மே மாதம், ஃபேன் நிறுத்தியாயிற்று, கெயின் முழுக்க ஏறியிருந்தது. கீழே தெருவில் தள்ளுவண்டி போகும் சத்தம் குரலோடு சேர்ந்து வந்தது.

“இன்னும் கிட்ட வாம்மா.”

“இதுக்கு மேல வந்தா மைக்கை முழுங்கிடுவேன் அங்கிள்.”

“முழுங்கு. ஃபோம்ல உதடு பட்டும் படாம நில்லு.”

30 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் குரல் மட்டும் 15 டெசிபெலுக்கு மேல் உயரும். தெருச் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். க்ளவுட்லிஃப்டர் கொடுக்கும் உயர்வில் பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் கிடைத்துவிட்டது. அத்தோடு அது செய்ய முடியாத ஒன்றும் நடந்தது: குரலுக்கும் தெருவுக்கும் இடைவெளி கூடியது. இந்த மைக்கின் ஒலிக்கூடு கம்பிக்கூண்டுக்குள் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருப்பதால் ‘ப’கரங்கள் வெடிக்காது, இவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும். வாயருகே உட்கார்ந்து பேசும் வானொலி அறிவிப்பாளர்களுக்காகச் செய்த ஏற்பாடு, எதிரொலி அடக்காத படுக்கையறையில் பாடுகிறவருக்கு அப்படியே பொருந்திவிட்டது.

அன்று இன்னொன்றையும் மாற்றினோம். எல்லோரும் மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுவார்கள். இந்த மைக் பின்பக்கத்தை ஏற்கெனவே தள்ளுகிறது. அது பார்த்துக்கொண்டிருப்பது பாடுகிறவரையும், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல்தான் பதிவைக் குளியலறைப் பாட்டாக்குகிறது. துணி பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, புடவைகளுக்கு முதுகு காட்டி அந்தப் பெண்ணை நிற்க வைத்தோம். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்த்தது. அதற்குப் பிறகும் மெல்லிய ஒரு ரீங்காரம் மிச்சமிருந்தது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் போய்விட்டது. எர்த் சரியாக இல்லாத வீட்டு வயரிங்கில் இது அடிக்கடி வரும். பேட்டரியில் ஓட்டிப் பதிவதே சுலபமான வழி.

எல்லாக் குரலுக்கும் இந்த மைக் சரிப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். மென்குரலில் நுணுக்கமான பிருகாக்கள் பாடுகிறவர், மூச்சும் சேர்ந்து கேட்க வேண்டிய தாலாட்டு, அடங்கிய குரலில் பாடும் விருத்தம், இவற்றுக்குக் கண்டென்சர் மைக்கே நியாயம் செய்யும். அதன் சவ்வின்மேல் சுருளின் பாரம் இல்லை. காற்றின் சின்ன அசைவுக்கும் ஈடுகொடுக்கும். ஆஸ்திரேலியாவின் ரோடு நிறுவனத்து என்டி1 மைக், எஸ்எம்7பி-யைவிடப் பல மடங்கு அதிக மின்னழுத்தம் தருகிறது. அதன் சொந்த இரைச்சல் வெறும் 4 டெசிபெல். ப்ரீஆம்ப் பற்றிய கவலையே அங்கே எழாது, 48வி பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்தக் கூர்மை பாகுபாடு பார்க்காது. எதிர்வீட்டுக் குக்கர் விசிலும் அதே நுணுக்கத்தோடு பதியும். பின்னிரவில் அடங்கிவிடும் அறை உங்களுக்கு இருந்தால் கண்டென்சர் வாங்குங்கள். எஸ்எம்7பி-யைவிடக் குறைந்த செலவிலும் முடியும். தெருமுனை வீடும் பகல்நேரப் பதிவும் என்றால் டைனமிக் மைக்கே ஆறுதல். அதற்கும் காசு போதவில்லை என்றால், அதே யூனிடைன் வழியில் வந்த எஸ்எம்58-க்கு ஒரு ஃபோம் மாட்டிப் பாடுங்கள். உறவு நெருக்கம், நல்ல பாடகர் பாடினால் வித்தியாசத்தைப் பலரால் சொல்ல முடியாது.

இந்தப் பஞ்சாயத்து ஷூர் காதுக்கும் எட்டியது. 2023-இல் எஸ்எம்7டிபி வந்தது: அதே உடலுக்குள் ஒரு ப்ரீஆம்ப், 18 அல்லது 28 டெசிபெல் கூட்டிக்கொள்ள ஒரு சுவிட்ச், வேண்டாமென்றால் பழைய எஸ்எம்7பி-யாகவே இருக்க இன்னொன்று. அதே ஆண்டு வந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2-வில் கெயின் 69 டெசிபெலுக்கு ஏறிவிட்டது. ஒரே பற்றாக்குறையை இரண்டு பக்கமிருந்தும் அடைத்துவிட்டார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் அப்படியொரு இன்டர்ஃபேஸை வாங்கினால் டிபி-க்கும் நீலப் பெட்டிக்கும் வேலையில்லை. பழைய இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர், அதுவும் பேசுவதற்காக வாங்குகிறவர், டிபி-யைப் பார்க்கலாம்.

பழையதாகக் கிடைத்தால் எஸ்எம்7பி-யைத் தயங்காமல் வாங்கலாம், சோதித்துப் பார்த்து. போலிகள் உலவுகின்றன. கையில் எடுத்தால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஃபோமைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். நைந்திருந்தால் புதிது வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சொந்த இன்டர்ஃபேஸையும் ஹெட்ஃபோனையும் கொண்டுபோங்கள். பாடிக்கொண்டே முதுகுச் சுவிட்சுகள் இரண்டையும் தள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் குரல் மாற வேண்டும். மைக்கைத் திருப்பிப் பின்பக்கம் பாடுங்கள், குரல் நன்றாகத் தாழ வேண்டும். ஸ்டாண்டை விரலால் தட்டுங்கள், அடங்கிய சத்தம்தான் வர வேண்டும். கடைசியாக, ஓடுகிற சார்ஜர் ஒன்றை அதன் அருகே கொண்டுபோங்கள். ரீங்காரம் பெரிதாக எழுந்தால் அந்த இரண்டாவது சுருள் உள்ளே இல்லை என்று வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.